பனி செய்ய நன்கொடையா? மினசோட்டா ஸ்கீ பாதைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்டோபர் பிறந்துவிட்டால், பிள்ளைகளை நார்டிக் (கிராஸ் கன்ட்ரி) ஸ்கீ அணியில் சேர்த்திருக்கும் மினசோட்டாப் பெற்றோர் பலருக்கு ஒரு மின்னஞ்சல் வரும். நம் பூங்காவின் ஸ்கீ பாதைக்குப் பனி செய்யும் வசதி வேண்டும், ஆனதைக் கொடுங்கள் என்று அதில் இருக்கும். குளிருக்குப் பேர்போன மாநிலத்தில் பனிக்குக் காசா என்று இங்கிருக்கும் நம் தமிழர்கள் கேட்பது நியாயம்தான். அப்படி என்னிடம் வந்த கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். எந்த அமைப்பின் சார்பிலும் எழுதவில்லை. பர்ஸைத் திறக்கப்போகிறவர் பக்கம் நின்று எழுதுகிறேன்.

மினசோட்டாவிலேயே பனி இல்லையா? நம்பும்படியாக இல்லையே!

குளிர் இருக்கிறது. பனிதான் சொன்ன தேதிக்கு வருவதில்லை. பள்ளி அணிகளின் நார்டிக் பருவம் நவம்பர் நடுவில் தொடங்கிவிடும். அப்போது தரையில் பனி இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாத வருடங்களில் பிள்ளைகள் டிசம்பர் பாதிவரை சக்கரம் வைத்த ரோலர் ஸ்கீயை மாட்டிக்கொண்டு தார்ச்சாலையில் ஓடுகிறார்கள்.

2023-24 குளிர்காலம் மினியாபொலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரங்களின் பதிவேட்டிலேயே மிக வெதுவெதுப்பானது. அந்த பிப்ரவரி 17, 18 தேதிகளில்தான் மினியாபொலிஸின் தியடோர் வர்த் பூங்காவில் கிராஸ் கன்ட்ரி ஸ்கீ உலகக் கோப்பைப் பந்தயம் நடந்தது. அமெரிக்காவுக்கு அந்தப் பந்தயம் 2001க்குப் பிறகு அப்போதுதான் வந்தது. 2020 மார்ச்சில் வரவேண்டியதைக் கோவிட் தடுத்துவிட்டது. இந்த மாநிலத்தின் ஆஃப்டன் என்ற ஊரில் வளர்ந்த ஜெஸ்ஸி டிகின்ஸ், 2018 ஒலிம்பிக்கில் கிக்கன் ராண்டலோடு சேர்ந்து இந்த விளையாட்டில் அமெரிக்காவின் முதல் தங்கத்தை வாங்கியவர். பந்தயத்தைச் சொந்த ஊருக்குக் கொண்டுவரப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். பல்லாயிரம் பேர் வேலி ஓரம் நின்று மணி அடித்துக் கத்தினார்கள். அலாஸ்காவின் கஸ் ஷூமாக்கர் ஆண்கள் 10 கி.மீ. பந்தயத்தில் யாரும் எதிர்பார்க்காமல் வென்றார். அவர்கள் ஓடிய பாதை இயந்திரத்தில் செய்த பனியால் ஆனது.

அதே மாதம் பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில் அமெரிக்கன் பிர்கபைனர். 1973இல் தொடங்கிய பெரும் பந்தயம். வழக்கமாகக் கேபிள் என்ற ஊரிலிருந்து ஹேவர்ட் வரை 50 கி.மீ. காட்டுக்குள் போகும். அந்த வருடம் செய்த பனியில் போட்ட 10 கி.மீ. வட்டத்தைத்தான் எல்லோரும் சுற்றிச் சுற்றி வந்தார்கள். 2017இல் பனி இல்லாமல் பந்தயமே நின்றுபோனதை நினைத்தால் அதுவே பெரிது. இந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் பிறகுதான், 'இயற்கைப் பனியே போதும், இதெல்லாம் ஆடம்பரம்' என்று சொல்லிக்கொண்டிருந்த பழைய ஆட்கள் பலர் வாயை மூடினார்கள்.

மலைச்சரிவில் லிஃப்டில் ஏறிச் சறுக்குவதும் இதுவும் ஒன்றா?

இல்லை. இது சமதளத்திலும் சிறு மேடுபள்ளங்களிலும் சொந்தக் காலால் போவது. லிஃப்ட் கிடையாது, அதனால் லிஃப்ட் டிக்கெட் வருமானமும் கிடையாது. மலைச்சரிவு ரிசார்ட்டுகள் டிக்கெட் விற்றுப் பனி செய்துகொள்கின்றன. நார்டிக் பாதைகள் பெரும்பாலும் பொதுப் பூங்காவில் இருப்பதால் உண்டியல் குலுக்க வேண்டியிருக்கிறது.

இயந்திரம் எப்படிப் பனி செய்கிறது?

அழுத்தத்தில் வரும் தண்ணீரை நுண்ணிய துளிகளாக உடைத்து, குளிர்ந்த காற்றில் உயரமாக வீசுகிறார்கள். தரையைத் தொடுவதற்குள் அது உறைந்துவிட வேண்டும். அவ்வளவுதான் வித்தை. தூய தண்ணீர்த் துளி பூஜ்யம் டிகிரியில் தானாக உறைந்துவிடாது; பிடித்துக்கொள்ள ஒரு விதை வேண்டும். அதற்காக அழுத்தக் காற்றோடு கொஞ்சம் தண்ணீரைக் கலந்து சிறு நாசில்கள் வழியாக வெளியே விடுவார்கள். காற்று வெளியே வந்து விரியும்போது சட்டென்று குளிர்ந்து, பொடிப்பொடியான ஐஸ் துகள்கள் பிறக்கும். பெரிய துளிகள் அவற்றின் மேல் மோதி உறையும். பெரிய விசிறி வைத்த ஸ்னோ கன் ஒரு வகை. உயரமான கம்பத்தின் நுனியிலிருந்து தூவும் லான்ஸ் இன்னொரு வகை.

1950இல் கனெக்டிகட் மாநிலத்தில் ஸ்கீ தயாரித்துவந்த வேய்ன் பியர்ஸ், ஆர்ட் ஹன்ட், டேவ் ரிச்சி ஆகிய மூவரும் பெயின்ட் அடிக்கும் நாசிலையும், தோட்டத்துக் குழாயையும், ஒரு கம்ப்ரஸரையும் வைத்து இதை முதலில் செய்துபார்த்தார்கள். பனி விழாத குளிர்காலத்தில் அவர்களுடைய ஸ்கீ விற்கவில்லை என்பதுதான் காரணம். வியாபாரம் படுத்தால் மனுஷனுக்கு மூளை வேலை செய்யும்.

இதில் வெப்பமானியைப் பார்த்து மட்டும் முடிவெடுக்க முடியாது. ஈரக்குமிழ் வெப்பநிலைதான் கணக்கு. அது காற்றின் குளிரையும் ஈரப்பதத்தையும் சேர்த்துச் சொல்லும் அளவு. துளியின் ஒரு பகுதி ஆவியாகும்போது மீதியிலிருக்கும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு கிலோ தண்ணீர் உறைய 334 கிலோஜூல் வெப்பத்தை விட்டாக வேண்டும். ஒரு கிலோ ஆவியாகும்போது சுமார் 2500 கிலோஜூலை இழுத்துக்கொள்ளும். ஆக ஒரு பங்கு ஆவியானால் ஏழு பங்கு உறைய வழி பிறக்கிறது. காற்று வறண்டிருந்தால் ஆவியாவது எளிது. அதனால் ஈரப்பதம் 30 சதவீதம் உள்ள இரவில் பூஜ்யம் டிகிரி செல்சியஸிலேயே பனி செய்யலாம். மூடுபனி அப்பிய இரவில் மைனஸ் 2இல் கூட முடியாது.

இந்த வேலை பார்ப்பவர்களை ஒருமுறை கிட்டே நின்று பார்க்க வேண்டும். நடு இரவில், விசிறிச் சத்தத்தில் காது அடைக்க, தலைவிளக்குடன் ஒருவர் தூவலுக்கு அடியில் போய் முழங்கையை நீட்டுவார். சட்டைக்கையில் விழுந்த துகள் துள்ளித் தெறித்தால் காய்ந்த பனி, தண்ணீரைக் கூட்டலாம். ஒட்டிக்கொண்டு நனைத்தால் ஈரம் அதிகம், குறைக்க வேண்டும். கருவியில் எத்தனை சென்சார் இருந்தாலும் இந்தக் கை நீட்டல் போகவில்லை. வேலை முடிந்ததும் குழாய்களை உடனே வடிக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் உறைந்து, மறுநாள் இரவு குழாய் கட்டையாகக் கிடக்கும்.

ஏதோ பாக்டீரியா கலக்கிறார்களாமே?

சில இடங்களில் சூடோமோனாஸ் சிரிங்கே என்ற பாக்டீரியாவிலிருந்து எடுத்த புரதப் பொடியைச் சேர்ப்பதுண்டு. துளிகள் கொஞ்சம் முன்னதாகவே உறைய அது உதவுகிறது. எல்லோரும் சேர்ப்பதில்லை. உங்கள் பூங்காவில் சேர்க்கிறார்களா என்று கேட்டால் சொல்வார்கள்.

எவ்வளவு தண்ணீர் போகும்?

நிறைய. கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். பாதை 5 மீட்டர் அகலம், பனி 40 சென்டிமீட்டர் தடிமன் என்றால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 2 கன மீட்டர் பனி. செய்த பனி இயற்கைப் பனியைவிட மிக அடர்த்தி. ஒரு கன மீட்டருக்கு 400 முதல் 500 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஆக, ஒரு மீட்டர் பாதைக்கு 1000 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு 10 லட்சம் லிட்டர். இது முதல் பூச்சு மட்டும். ஜனவரியில் ஒரு வெதுவெதுப்பான வாரம் வந்தால் மறுபடி போட வேண்டும்.

தண்ணீர் குளத்திலிருந்தோ, கிணற்றிலிருந்தோ, ஆற்றிலிருந்தோ வரும். மினசோட்டாவில் ஒரு நாளைக்கு 10,000 கேலனுக்கு மேல், அல்லது வருடத்துக்கு 10 லட்சம் கேலனுக்கு மேல் எடுத்தால் மாநில இயற்கை வளத்துறையின் அனுமதி வேண்டும். அதாவது நாளொன்றுக்கு சுமார் 38,000 லிட்டர். பனி செய்கிறவர்கள் இதை ஓரிரு மணி நேரத்தில் தாண்டிவிடுவார்கள். எடுத்த தண்ணீரில் பெரும்பகுதி வசந்தத்தில் உருகி அதே நிலத்துக்குத் திரும்புகிறது. ஆனால் எடுக்கும் நேரமும் திரும்பும் நேரமும் வேறு. குளம் சிறிதாக இருந்தால் மீனுக்கு அது பிரச்சினை. தண்ணீர் எங்கிருந்து என்ற கேள்விக்கு நன்கொடைக் கடிதத்தில் ஒரு வரியாவது பதில் இல்லையென்றால், திட்டம் இன்னும் பேச்சளவில்தான் இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

அப்படி எதற்குத்தான் இத்தனை பணம்?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். நீங்கள் கொடுக்கும் பணத்தில் வாங்குவது பனி அல்ல. குளிர்ந்த மணி நேரங்களை நழுவ விடாமல் பிடிக்கும் திறனை வாங்குகிறீர்கள்.

நவம்பர் கடைசியில் பனி செய்யத் தகுந்த குளிர் ஒரு வாரம் முழுக்க நீடிப்பதில்லை. இன்று இரவு பத்து மணிக்கு வரும், நாளை காலை எட்டுக்குப் போய்விடும். அடுத்தது நான்கு நாள் கழித்து. ஒரு பம்ப் நிமிடத்துக்கு 400 லிட்டர் தள்ளினால் ஒரு கிலோமீட்டருக்கான 10 லட்சம் லிட்டரைத் தள்ள 40 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதாவது நான்கைந்து இரவுகள், அவை கிடைத்தால். நிமிடத்துக்கு 2000 லிட்டர் தள்ளும் அமைப்பு என்றால் எட்டு மணி இருபது நிமிடம், ஒரே இரவு. குளிர்காலம் சுருங்கச் சுருங்க இந்த வித்தியாசம்தான் பாதை திறக்குமா திறக்காதா என்பதைத் தீர்மானிக்கிறது. அரைகுறைக் குளிரில் ஒவ்வொரு ஸ்னோ கன்னும் கொஞ்சம் தண்ணீரைத்தான் பனியாக்கும். மைனஸ் 12இல் குடிப்பதில் சிறு பகுதியைத்தான் மைனஸ் 3இல் குடிக்கும். அதனால் பம்ப் பெரிதாக இருந்தால் போதாது, கன்களும் கூடுதலாக வேண்டும், எல்லாவற்றுக்கும் தண்ணீர் கொண்டுபோகும் குழாயும் பருமனாக வேண்டும்.

செலவில் பெரும்பங்கு மண்ணுக்குள் போகிறது. பாதை நெடுக உறையாத ஆழத்தில் குழாய், இடையிடையே ஹைட்ரன்ட் (ஸ்னோ கன்னுக்குத் தண்ணீர் எடுக்கும் வால்வு), மின்கேபிள், பம்ப் அறை, டிரான்ஸ்ஃபார்மர். இவற்றுக்கு நன்கொடை கேட்டுப்பாருங்கள், யாரும் அசையமாட்டார்கள். ஸ்னோ கன்னுக்குக் கேட்டால் உடனே கிடைக்கும், ஏனென்றால் அதில் பெயர் எழுதலாம். ட்யூப்லைட்டில் வெளிச்சம் மறையும் அளவுக்கு 'உபயம்' எழுதும் ஊரிலிருந்து வந்த நமக்கு இது புதிதல்ல. மண்ணுக்குள் புதைந்த ஆறு அங்குலக் குழாயில் யார் பெயரை எழுதுவது? ஆனால் குழாய் ஒல்லியாக இருந்தால், பின்னால் எத்தனை கன் வாங்கி வைத்தாலும் அவை தாகத்தோடு நிற்கும். கொடுக்கும்போது 'குழாய்க்கும் பம்புக்கும்' என்று குறிப்பிட்டுக் கொடுக்கும் ஒருவரை எந்தப் பொருளாளரும் மறக்கமாட்டார்.

அடுத்தது நடைமுறைச் செலவு. இரவுப் பணியாளர் சம்பளம், குவித்த பனியைப் பரப்பும் லாரியும், அதைச் சமன்செய்து தடம் போடும் க்ரூமர் வண்டியும், அவற்றின் டீசல். பிறகு கரன்ட் பில். வணிக இணைப்புகளுக்கு எத்தனை யூனிட் என்பது மட்டுமல்ல, அந்த மாதத்தில் ஒரே நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு கிலோவாட் இழுத்தீர்கள் என்பதற்கும் டிமாண்ட் சார்ஜ் உண்டு. நவம்பர் 29 இரவு ஒரே ஒருமுறை எல்லாப் பம்புகளையும் ஓடவிட்டாலும் அந்த மாதத்துக்கான கட்டணம் விழுந்துவிடும். கட்டுமானத்துக்கு நிதி திரட்டியதைக் கொண்டாடிவிட்டு, மூன்றாம் வருடக் கரன்ட் பில்லுக்கு விழிக்கும் குழுக்கள்தான் அதிகம்.

பூங்கா அரசுடையது. வரிதான் கட்டுகிறோமே?

கட்டுகிறோம், அதிலிருந்து கொஞ்சம் வரத்தான் செய்கிறது. 2008இல் மினசோட்டா மக்கள் வாக்களித்து அரசமைப்பில் சேர்த்த லெகசி திருத்தத்தின்படி விற்பனை வரி ஒரு சதவீதத்தில் எட்டில் மூன்று பங்கு கூடியது. அதிலிருந்து 14.25 சதவீதம் பூங்காக்களுக்கும் பாதைகளுக்கும் போகிறது. மாநிலச் சட்டமன்றத்தின் கடன்பத்திர நிதி, மாவட்ட நிர்வாகங்களின் பூங்கா நிதி என்று வேறு ஊற்றுகளும் உண்டு. ப்ளூமிங்டனின் ஹைலண்ட் லேக், மேப்பிள் குரோவ் பக்கமுள்ள எல்ம் கிரீக், செயின்ட் பாலின் பேட்டில் கிரீக் ஆகிய இடங்களில் பனி செய்யும் வசதியைப் பூங்கா நிர்வாகங்களே நடத்துகின்றன.

ஆனால் எல்லாப் பூங்காவுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. அரசுப் பணம் பெரும்பாலும் 'உள்ளூரில் எவ்வளவு திரட்டினீர்கள்?' என்று கேட்டுவிட்டுத்தான் வரும். டுலூத் நகரின் மேற்கில் ஸ்பிரிட் மவுன்டன் அடிவாரத்தில் இருக்கும் கிராண்ட் அவென்யூ நார்டிக் மையம் அப்படி உருவானது. அங்குள்ள ஸ்கீ சங்கம் தனியார் நன்கொடை திரட்டியது, பொது நிதியும் சேர்ந்தது, விளக்கும் பனி வசதியும் உள்ள 3 கி.மீ. சொச்சம் பாதை கிடைத்தது. சிறிய வட்டம்தான். ஆனால் வேலை முடிந்து வருகிறவர் இருட்டிய பிறகும் ஓடலாம் என்பதால், காட்டுக்குள் இருக்கும் 20 கி.மீ. பாதையைவிட அதற்குப் பயன் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

ஸ்கீ பாஸ் வாங்கியிருக்கிறேனே, அது போதாதா?

மாநிலத்தின் கிரேட் மினசோட்டா ஸ்கீ பாஸ் 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கானது. அந்தப் பணம் மாநிலமெங்கும் பாதைகளைச் சீர்செய்யப் போகிறது; பனி செய்வதற்கு அல்ல. பெருநகரப் பூங்காக்கள் பலவற்றுக்குத் தனி பாஸ் உண்டு. பாஸ் விலையை ஏற்றி எல்லாச் செலவையும் எடுக்கலாமே என்றால், எடுக்கலாம். பிறகு நான்கு பேர் கொண்ட குடும்பம் அந்தப் பக்கம் வராது.

எப்படியெல்லாம் நிதி திரட்டுகிறார்கள்?

அதிகம் பேசப்படுவது கிவ் டு த மேக்ஸ் நாள். 2009 முதல் ஒவ்வொரு நவம்பரிலும் மினசோட்டாவின் தொண்டு அமைப்புகளெல்லாம் சேர்ந்து ஆன்லைனில் நன்கொடை கேட்கும் நாள். ஸ்கீ குழுக்களுக்கு இது சரியான நேரத்தில் வருகிறது; ஜன்னலுக்கு வெளியே புல் பச்சையாகத் தெரியும்போது பனிக்குக் காசு கேட்பது சுலபம்.

இன்னொன்று ஸ்கீ ஸ்வாப். இலையுதிர்காலத்தில் பள்ளி ஜிம்மிலோ கிடங்கிலோ பழைய ஸ்கீ, பூட்ஸ், கம்பு எல்லாம் விற்பனைக்கு வரும். விற்ற விலையில் ஒரு பங்கு சங்கத்துக்கு. வளரும் பிள்ளைக்குப் புது பூட்ஸ் வாங்குகிறவர் இங்கே போகாமல் இருந்தால் அவரிடம் பணம் மிதமிஞ்சி இருக்கிறது என்று அர்த்தம். சுற்றுக்கு இத்தனை டாலர் என்று பிள்ளைகள் ஆதரவாளர்களைப் பிடித்து ஓடும் நாள், பான்கேக் காலை உணவு, 'நீங்கள் எல்லோரும் சேர்ந்து எவ்வளவு கொடுக்கிறீர்களோ அதே அளவு நானும் தருகிறேன்' என்று ஒரு பெரிய நன்கொடையாளர் வைக்கும் சவால் எல்லாம் உண்டு.

எனக்குப் பிடித்தது மீட்டர் கணக்கு. 'ஒரு மீட்டர் பாதைக்கு 1000 லிட்டர் தண்ணீரைப் பனியாக்க இவ்வளவு செலவு, எத்தனை மீட்டர் தருகிறீர்கள்?' என்று கேட்பது. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் புரியும், கணக்கும் வெளிப்படையாக இருக்கும்.

நம்மவர்கள் செய்யக்கூடிய, ஆனால் அதிகம் செய்யாத ஒன்று இருக்கிறது. இரட்டை நகரங்களின் பெரிய நிறுவனங்கள் பலவற்றில் ஊழியர் கொடுத்த நன்கொடைக்கு நிறுவனமும் ஈடு கொடுக்கும். சில இடங்களில் தன்னார்வ உழைப்பு மணிகளுக்கும் பணம் தரும். ஒரு படிவம் நிரப்ப ஐந்து நிமிடம். அந்தச் சோம்பலில் எத்தனையோ ஆயிரம் டாலர் மேசையிலேயே கிடக்கிறது.

வரிவிலக்கு உண்டா?

வாங்குகிற அமைப்பு, தொண்டு அமைப்புகளுக்கான வரிச்சட்டத்தின் 501 சி 3 பிரிவில் பதிவானதா என்று முதலில் பாருங்கள். விவரமாகக் கழிவு கணக்குக் காட்டுகிறவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் 2026 வரியாண்டிலிருந்து வருமானத்தில் (ஏ.ஜி.ஐ.) 0.5 சதவீதத்தைத் தாண்டிய நன்கொடைக்குத்தான். அப்படிக் காட்டாதவர்களும் 2026 வரியாண்டிலிருந்து ரொக்க நன்கொடையில் தனிநபருக்கு 1000 டாலர், தம்பதிக்கு 2000 டாலர் வரை கழிக்கலாம். 250 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தால் எழுத்துமூல ரசீது அவசியம். நன்கொடைக்குப் பதிலாகப் பருவ பாஸ் கொடுத்தார்கள் என்றால் பாஸின் மதிப்பைக் கழித்துக்கொண்டு மிச்சத்துக்குத்தான் விலக்கு. மற்றதை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

கொடுப்பதற்கு முன் என்ன கேட்க வேண்டும்?

அமைப்பு வருடா வருடம் வரித்துறைக்குக் கொடுக்கும் கணக்கான 990 படிவம் பொதுவில் கிடைக்கும், ஒருமுறை புரட்டுங்கள். அதைவிட முக்கியம் நேரில் கேட்கும் மூன்று கேள்விகள். திட்டம் நடக்காவிட்டால் என் பணம் என்ன ஆகும்? கட்டி முடித்த பிறகு வருடா வருடம் வரும் செலவை யார் ஏற்கிறார்கள், பூங்கா நிர்வாகத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா? பனி விழாத நவம்பரில் முதல் கிலோமீட்டரைத் திறக்க உங்கள் அமைப்புக்கு எத்தனை குளிர் மணி நேரம் வேண்டும்?

மூன்றாவது கேள்விக்கு 'அதெல்லாம் வானிலையைப் பொறுத்தது' என்று மட்டும் பதில் வந்தால் பர்ஸை மூடிவிடுங்கள். உண்மையாகவே கணக்குப் போட்டவர், பம்ப் எவ்வளவு, குழாய் எவ்வளவு, மைனஸ் 4இல் எத்தனை மணி, மைனஸ் 8இல் எத்தனை மணி என்று கடகடவென்று சொல்வார். நிறுத்துவதுதான் கஷ்டமாக இருக்கும்.

பூமி சூடாகிறது என்கிறோம். அதைச் சமாளிக்க இன்னும் கரன்ட் எரிப்பது முரண் இல்லையா?

முரண்தான். மறைக்க வேண்டியதில்லை.

ஒரு தோராயக் கணக்கு போடுவோம். கன மீட்டருக்கு 3 யூனிட் என்று வைத்தால் (குளிர் குறைவாக இருந்தால் இது ஏறும்) ஒரு கிலோமீட்டருக்கான 2000 கன மீட்டருக்கு 6000 யூனிட். யூனிட்டுக்கு 400 கிராம் கரியமில வாயு என்றால் 2400 கிலோ. இரட்டை நகரங்களிலிருந்து டுலூத்துக்கு ஒரு கார் போய்வந்தால் சுமார் 480 கி.மீ., சாதாரணப் பெட்ரோல் கார் 120 கிலோ அளவுக்கு விடும். ஆக ஒரு கிலோமீட்டர் செய்த பனி, பனி தேடி வடக்கே போகும் 20 கார் பயணங்களுக்குச் சமம். வீட்டுக்குப் பக்கத்தில் பாதை இருந்து, ஒரு பள்ளி அணியின் பெற்றோர் அந்தப் பயணத்தை விட்டாலே அது சரிக்கட்டிவிடும். ஆனால் அந்தப் பெற்றோர் எப்படியும் வீட்டில்தான் இருந்திருப்பார்கள் என்றால் இந்த வாதம் நிற்காது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் கிட்டத்தட்ட முழுக்க முழுக்கச் செய்த பனியைப் பயன்படுத்தியதை நானும் விமர்சித்திருக்கிறேன். வறண்ட மலையில் இரண்டு வார விழாவுக்குச் செய்வதும், ஊர்ப் பூங்காவில் 3 கி.மீ. வட்டத்தில் நாலு மாதம் பிள்ளைகள் ஓடச் செய்வதும் ஒன்றல்ல என்று நினைக்கிறேன். நீங்கள் வேறு மாதிரி நினைத்தால் கொடுக்காதீர்கள், அதிலும் தவறில்லை.

போன வருடப் பனியைச் சேமித்து வைக்க முடியாதா?

கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் செய்கிறார்கள். ஸ்வீடனின் ஓஸ்டர்சுண்ட், சுவிட்சர்லாந்தின் டாவோஸ் இரண்டிலும் குளிர்காலத்தில் செய்த பனியை மலைபோல் குவித்து, மரத்தூளால் மூடிக் கோடையைக் கடத்தி, இலையுதிர்காலத்தில் பாதையில் பரப்புகிறார்கள். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தின் கிராஃப்ட்ஸ்பரி மையம் 2018இல் இதைச் சோதித்தது. சுமார் 9300 கன மீட்டர் குவியலை மரச்சீவலால் மூடிவைத்ததில் கோடை முடிந்தபோது ஏறக்குறைய 60 சதவீதம் மிஞ்சியது. தாழ்வான, ஈரமான ஊரில் இது பெரிய சாதனை.

கடுங்குளிர் ஜனவரியில், மலிவாகப் பனி செய்ய முடிகிறபோது செய்து வைத்துக்கொள்ளலாம் என்பது இதன் லாபம். நிழலான இடமும், லாரி லாரியாக மரத்தூளும் வேண்டும்.

இது வசதியான வெள்ளைக்காரர்கள் விளையாட்டுதானே?

பாதை ஓரம் நின்று பார்த்தால் அப்படித்தான் தோன்றும், மறுக்க மாட்டேன். ஆனால் செலவு மலைச்சரிவுச் சறுக்கில் ஆவதில் ஒரு பகுதிதான், பெரிய பூங்காக்களில் ஸ்கீ, பூட்ஸ் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். பள்ளி அணியில் ஆளைக் கழிப்பதும் அபூர்வம். வந்தவரை எல்லாம் சேர்த்துக்கொள்வார்கள். கூடைப்பந்து அணியில் இடம் கிடைக்காத நம் பிள்ளைகள் சிலர் இங்கே வந்து நிலைத்திருக்கிறார்கள்.

நகரத்துக்குள் பனி உறுதியாக இருந்தால்தான் காரில்லாத வீட்டுப் பிள்ளையும் வர முடியும். பனி தேடி மூன்று மணி நேரம் ஓட்டிப் போகும் வசதி எல்லோருக்கும் இல்லை.

பணம் கொடுத்துவிட்டோம். டிசம்பர் 1ஆம் தேதி பாதை திறந்துவிடுமா?

யாரும் உறுதி சொல்ல முடியாது. சொன்னால் நம்பாதீர்கள்.

பணமாக இல்லாமல் வேறு எப்படி உதவலாம்?

பனி செய்யும் இரவுகளில் குழாய் இழுக்க, ஹைட்ரன்ட் திறந்து மூட ஆள் வேண்டும். பயிற்சி கொடுப்பார்கள். இரவு வேண்டாம் என்றால் ஸ்வாப் நாளில் விலைச்சீட்டு ஒட்டலாம், கணக்கு எழுதலாம். மின்பொறியாளர், பம்ப் வேலை தெரிந்தவர் என்றால் சங்கக் கூட்டத்தில் அதைச் சொல்லிவிட்டு வெளியே வருவது கடினம்.

இன்னொரு உதவி எல்லோராலும் முடியும். பனிப்பாதையில் பூட்ஸோடு நடக்காதீர்கள், நாயைக் கூட்டிப் போகாதீர்கள், ஸ்ட்ரோலர் தள்ளாதீர்கள். இரண்டு ஸ்கீயும் இணையாகப் போகும் கிளாசிக் முறைக்கு க்ரூமர் இழுத்துவைத்த இரட்டைத் தடம் ஒரு கால்தடத்தில் உடைந்துவிடும். இரவில் அது உறைந்து, காலையில் வேகமாக வரும் பிள்ளையின் ஸ்கீயைத் தடுக்கும். நடக்க விரும்புகிறவர்களுக்குப் பெரும்பாலான பூங்காக்களில் தனிப் பாதை இருக்கிறது. நுழைவாயில் வரைபடத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.